மடக்கி வைக்கும் துடுப்பு இயந்திரம்: விலையைப் பார்ப்பதற்கு முன் வீட்டை அளந்து பாருங்கள்

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்ததும் உடற்பயிற்சிக் கூடங்களின் கதவுகள் மூடப்பட்டன. அந்தக் காலத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பல வீடுகளுக்குள் டிரெட்மில்லும் உடற்பயிற்சி சைக்கிளும் வந்து சேர்ந்தன. அவற்றில் பல இன்று துவைத்த துணியைத் தொங்கவிடும் கொடியாகிவிட்டன. பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை எந்த அடுக்குமாடியிலும் ஒரு வீட்டுக்காவது இந்தக் கதை தெரிந்திருக்கும்.

இப்போது அதே வீடுகளின் கைப்பேசித் திரையில் புதிதாக ஒரு சாமான் வருகிறது. ரோவிங் மெஷின் எனப்படும் துடுப்பு இயந்திரம். படகில் உட்கார்ந்து துடுப்பு வலிப்பதைப் போல, சறுக்கும் இருக்கையில் அமர்ந்து கைப்பிடியை இழுக்கும் இயந்திரம் இது. "மடக்கி வைக்கலாம், இடம் அடைக்காது, உடல் முழுவதற்கும் பயிற்சி" என்கிறது விளம்பரம். இதில் பொய் அதிகம் இல்லை. ஆனால் எந்த வகை இயந்திரம், யாருடைய உடலுக்கு, எந்த வீட்டுக்கு என்ற கேள்விகளுக்கு விளம்பரம் பதில் சொல்வதில்லை. மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் ஓடும் குடும்பத்துக்கு, தவறாக வாங்கிய ஓர் இயந்திரம் என்பது பாதி மாதச் சம்பளம் வீட்டு மூலையில் கிடப்பதற்குச் சமம்.

இந்தக் கேள்வி நம்மவர்களுக்கு வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருப்பது தெரிய வந்தது. இந்தியர்களிடையே மட்டும் அது 31.4 விழுக்காடு, ஏறக்குறைய மூவரில் ஒருவர். அதே ஆய்வின்படி அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்களிலும் இந்தியர்களே முதலிடம். 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த இனிப்பு நீர் விகிதம் 15.6 விழுக்காடாகக் குறைந்திருந்தாலும், அதிக எடை அல்லது பருமன் உள்ள பெரியவர்கள் 54.4 விழுக்காட்டினர். கால் விரலை எடுத்தவர், வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் என்று ஒருவராவது இல்லாத உறவு வட்டம் நம்மிடையே அரிது.

தாத்தா பாட்டி காலத்தில் உடற்பயிற்சி என்று தனியாக ஒன்றும் இல்லை. விடியுமுன் பால்மரக் காட்டில் இறங்கி, நிரை நிரையாக மரம் வெட்டி, காண்டாவில் வாளிகளைச் சுமந்து கொட்டகைக்கு நடந்தவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, பிள்ளைகள் பட்டணத்துக்கு வந்து பாதுகாவலர், லோரி ஓட்டுநர், அலுவலக ஊழியர் ஆனபோது உட்காரும் நேரம் கூடியது. சோறும் சீனி போட்ட தேநீரும் மட்டும் அதே அளவில் நின்றுவிட்டன.

நடக்கலாமே என்று கேட்பது நியாயம். வீட்டருகே பூங்கா இருந்து, காலையிலோ மாலையிலோ நேரமும் கிடைத்து, முட்டியும் ஒத்துழைக்கிறது என்றால் இந்த இயந்திரத்தை வாங்கவே வேண்டாம். நடைக்குக் காசு இல்லை. ஆனால் ஷிஃப்ட் வேலை முடிந்து இரவு 11 மணிக்கு வீடு திரும்புகிறவர்கள், சின்னப் பிள்ளையைத் தனியே விட்டு வெளியே போக முடியாத தாய்மார்கள், இருட்டிய பிறகு தாமானைச் சுற்றி நடக்கத் தயங்கும் பெண்கள் ஆகியோருக்கு நடை எளிதல்ல. மாலை மழையும் புகைமூட்டமும் வேறு. 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் கிள்ளான் துறைமுகத்தில் அவசர நிலையே அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும். 2015-இலும் 2019-இலும் அது திரும்பி வந்தது. அப்படிப்பட்ட நாட்களில் வெளியே மூச்சு வாங்க ஓடுவது உடம்புக்கு நல்லதல்ல. வீட்டுக்குள் ஓர் இயந்திரம் என்ற எண்ணம் இவர்களுக்குத்தான் பொருந்தும்.

மற்ற இயந்திரங்களைவிடத் துடுப்பு இயந்திரத்துக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. உடம்பின் பாரம் இருக்கையில் இருப்பதால், ஓடும்போது விழும் அதிர்ச்சி முட்டியில் விழாது. அதே சமயம் தொடை, இடுப்பு, முதுகு, கை எல்லாம் வேலை செய்யும். கையால் இழுக்கும் கருவி என்று பலர் நினைத்தாலும், வேலையில் பாதிக்கு மேல் கால்களுடையது.

நான்கு வகைகள்

இன்று உலகம் முழுவதும் படகு வீரர்கள் பயிற்சிக்குப் பயன்படுத்தும் இயந்திரம் கான்செப்ட் 2. அமெரிக்காவின் வெர்மாண்டைச் சேர்ந்த டிரைசிகேக்கர் சகோதரர்கள் 1981-இல் இதன் முதல் மாதிரியை ஒரு சைக்கிள் சக்கரத்தை வைத்தே உருவாக்கினார்கள். சக்கரத்தில் தகடுகளைப் பொருத்திவிட்டால் அது சுழலும்போது காற்றைத் தள்ள வேண்டியிருக்கும். வேகமாக இழுத்தால் காற்றின் தடையும் கூடும். தண்ணீரில் துடுப்பு வலிக்கும்போது நடப்பதும் இதுதான். பெரிய உடற்பயிற்சிக் கூடங்களில் நீண்ட தண்டோடு தரையில் கிடப்பது பெரும்பாலும் இந்தக் காற்று வகைதான். பழுதே பார்க்காமல் பல ஆண்டுகள் உழைக்கும். ஆனால் விலை அமெரிக்காவிலேயே ஏறக்குறைய 1,000 டாலர். நீளம் 244 சென்டிமீட்டர். சத்தமும் உண்டு, மின்விசிறியை முழு வேகத்தில் வைத்ததுபோல் இரையும். மடங்காது, இரண்டு துண்டாகப் பிரித்து வைக்கலாம்.

இரண்டாவது, தண்ணீர்த் தொட்டிக்குள் துடுப்பு சுழலும் வகை. பார்க்க அழகு, ஓசையும் இதமாக இருக்கும். தொட்டியும் மரச் சட்டமும் சேர்ந்து கனக்கும், விலையும் ஏறும். இந்தக் கட்டுரையின் கணக்குக்குள் இது வராது.

மூன்றாவது, ஹைட்ராலிக் வகை. கார் டிக்கியைத் தாங்கும் கம்பியைப் போன்ற எண்ணெய்க் குழாய் தடையைக் கொடுக்கும். இணையக் கடைகளில் ஆகக் குறைந்த விலைக்குக் கிடைப்பதும், ஆகச் சிறிதாக மடங்குவதும் இதுதான். சில நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், தொடர்ந்து இழுக்கும்போது குழாய்க்குள் எண்ணெய் சூடேறி இளகிவிடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் தடை குறைந்து, ஆரம்பத்தில் இருந்த பிடிமானம் இருக்காது. நாளடைவில் எண்ணெய் கசிந்து தரையில் கறை படியலாம். கைப்பிடிகள் இரண்டும் தனித்தனிக் கம்பிகளாக இருக்கும் மாதிரிகளில் உண்மையான துடுப்பு அசைவும் வராது. ஒரு நாளைக்கு ஐந்து, பத்து நிமிடம் மட்டும் அசைந்தால் போதும் என்ற வயதானவருக்கு இது பரவாயில்லை. எடை குறைக்கவும் இனிப்பு நீரைக் கட்டுப்படுத்தவும் வாங்குகிறவர் இதைத் தவிர்ப்பதே நல்லது. விலை மலிவு என்பதால் அதிகம் விற்பதும், சீக்கிரம் மூலைக்குப் போவதும் இதுவாகத்தான் இருக்கும்.

நான்காவது காந்த வகை. உள்ளே ஓர் இரும்புச் சக்கரம் சுழலும். அதன் அருகே காந்தத்தை நெருக்கினால் இழுப்பது கனக்கும், விலக்கினால் இலேசாகும். எதுவும் எதோடும் உரசுவதில்லை என்பதால் சத்தம் மிகக் குறைவு, தேய்மானமும் குறைவு. ஒரு குமிழைத் திருப்பி 8 அல்லது 16 நிலைகளில் தடையை மாற்றலாம். மடக்கக்கூடியவை பெரும்பாலும் இந்த வகையில்தான் வருகின்றன. சந்தை விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகிறது. காற்று இயந்திரத்தில் கிடைக்கும் நிஜப் படகு உணர்வு இதில் கிடைக்காது. போட்டிக்குப் போகாதவருக்கு அது ஒரு குறையும் அல்ல. அடுக்குமாடியில் குடியிருக்கும், கையில் குறைந்த பணம் உள்ள குடும்பத்துக்கு மடங்கும் காந்த வகையே சரியான தேர்வு.

அளவுநாடாவை எடுங்கள்

விலை குறைந்த இயந்திரங்களில் உற்பத்தியாளர் முதலில் மிச்சம் பிடிப்பது தண்டவாளத்தின் நீளத்தில்தான். இருக்கை சறுக்கும் அந்தத் தண்டு குட்டையாக இருந்தால், உயரமானவரின் கால் முழுதாக நீளாது. முட்டி மடங்கியபடியே இழுப்பார். கால் செய்ய வேண்டிய வேலை முதுகுக்குப் போகும், இரண்டு வாரத்தில் இடுப்பு வலி தொடங்கும். இயந்திரம் கெட்டது என்று நினைப்பார்கள். கெட்டது அளவுதான்.

இதைத் தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. சுவரோடு முதுகை ஒட்டித் தரையில் கால் நீட்டி உட்காருங்கள். சுவரிலிருந்து குதிகால் வரை எவ்வளவு என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். இயந்திரத்தில் பாதம் வைக்கும் தகட்டிலிருந்து தண்டவாளத்தின் கடைசி வரை உள்ள தூரம் அதைவிடக் குறைந்தது ஒரு சாண் கூடுதலாக இருக்க வேண்டும். இணையக் கடைப் பக்கத்தில் இந்த அளவு இல்லையென்றால் விற்பவரிடம் கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். வீட்டில் ஆக உயரமானவருடைய அளவைத்தான் எடுக்க வேண்டும். மனைவிக்குப் பொருந்துவது ஆறடி மகனுக்குப் பொருந்தாது.

அடுத்தது தாங்கும் எடை. மலிவு இயந்திரங்களில் 100 கிலோ என்று போட்டிருப்பது சாதாரணம். 95 கிலோ உள்ளவர் அதை நம்பி வாங்கக் கூடாது. இருக்கை முன்னும் பின்னும் ஓடும்போது விழும் விசை, சும்மா உட்கார்ந்திருக்கும் பாரத்தைவிட அதிகம். உங்கள் எடையைவிட 20 கிலோவாவது கூடுதலாகத் தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். எடை குறைப்பதற்காகத்தான் இந்த இயந்திரமே, அதனால் ஆகக் கனமானவர்தான் முதலில் அதில் உட்காரப் போகிறார்.

இருக்கையின் உயரத்தை யாரும் கேட்பதில்லை. மாமாக் கடை பிளாஸ்டிக் நாற்காலி தரையிலிருந்து ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் உயரம். பல மலிவுத் துடுப்பு இயந்திரங்களின் இருக்கை அதில் பாதி உயரத்தைச் சற்றுத் தாண்டியிருக்கும். கான்செப்ட் 2-இன் சாதாரண மாதிரியே 36 சென்டிமீட்டர்தான். முட்டி வலி உள்ள அம்மாவோ அப்பாவோ அதில் உட்கார்ந்துவிடுவார், எழுந்திருக்க இருவர் வேண்டும். பெற்றோருக்காக வாங்கும் பிள்ளைகள் அவர்களையே கடைக்கு அழைத்துச் சென்று உட்கார்ந்து எழச் சொல்ல வேண்டும். ஆசையாக வாங்கிக் கொடுத்தும் பயன்படாமல் போவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்.

இனி வீடு. மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடி வீடு ஒன்று ஏறக்குறைய 700 சதுர அடி, மூன்று அறை. வரவேற்பறையில் சோபா, தொலைக்காட்சி மேசை, சாமி மேடை போக மிஞ்சுவதுதான் இடம். விரித்து வைத்தால் மடங்கும் இயந்திரமும் 180 முதல் 200 சென்டிமீட்டர் வரை நீளும். பின்னால் சாய்வதற்கு இன்னும் இரண்டடி வேண்டும். வாங்குவதற்கு முன் பழைய நாளிதழ்களை அந்த நீள அகலத்துக்குத் தரையில் பரப்பி ஒட்டிவிட்டு மூன்று நாள் வீட்டுக்குள் நடந்து பாருங்கள். குளியலறைக்குப் போகும் வழியை அது மறைக்கிறதா, மின்விசிறிக் காற்று அங்கே படுகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

மடங்கும் என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம் என்று சிலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். பெரும்பாலானவை தண்டவாளத்தை மேல்நோக்கித் தூக்கிப் பூட்டும் அமைப்பு கொண்டவை. நீளம் பாதியாகும், உயரம் கூடும். குளிர்பெட்டி நிற்கும் அளவுக்கு ஓரிடம் அதற்கு எப்போதும் தேவை. இயந்திரத்தின் கனம் 20 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் உருட்டுவதற்குச் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டும் ஆணியை ஒருவரே குனிந்து போட முடிகிறதா என்பதையும் செய்து பாருங்கள். மடக்கி விரிக்க ஐந்து நிமிடம் ஆகும் இயந்திரம் ஒரு மாதத்தில் மடங்கியே நிற்கும். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் நிமிர்த்தி வைத்த இயந்திரத்தைச் சுவரோடு ஒரு பட்டையால் கட்டிவிடுவது அவசியம். கீலில் விரல் நசுங்கும் ஆபத்தும் உண்டு.

மின்தூக்கியையும் மறக்க வேண்டாம். 12-ஆவது மாடியில் குடியிருந்து, மின்தூக்கி பழுதான நாளில் பெட்டி வந்து சேர்ந்தால், விநியோகிப்பவர் கீழ்த்தளத்தோடு போய்விடுவார். வாசல் வரை கொண்டுவருவார்களா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கடையிலிருந்து மைவி காரில் ஏற்றிவரலாம் என்று நினைப்பவர்கள் பெட்டியின் நீளத்தைக் கேட்டுவிட்டுப் போகலாம்.

தோட்டத்து வீடுகளில், கேரித் தீவு, காப்பார் பக்கம் இன்னும் இருப்பவர்களுக்கு, இடப் பிரச்சினை குறைவு. அஞ்சடியிலேயே போட்டுவிடலாம் என்று தோன்றும். சாரல் படும் இடத்தில் வைத்தால் தண்டவாளமும் உருளைகளும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கூரைக்குள்ளே, ஈரம் இறங்காத தரையில் வைக்க வேண்டும்.

காந்த வகை சத்தம் போடாது என்றாலும், இருக்கையின் உருளைகள் ஓடும் அதிர்வு தரை வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும். இயந்திரத்துக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் பெருமளவு அடங்கும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து நள்ளிரவில் வலிக்கத் திட்டமிடுபவர்கள், முதல் நாளே கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

புதியதா, பழையதா?

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கியவற்றை விற்கத் துடிக்கும் வீடுகள் ஏராளம். முடா, கேரோசல், முகநூல் சந்தை ஆகியவற்றில் கோலாலம்பூர், சிலாங்கூர் என்று தேடினால் நல்ல இயந்திரங்கள் பாதி விலைக்கும் கீழே கிடைப்பதுண்டு. 600 வெள்ளிக்குப் புதிய சாதாரண இயந்திரம் வாங்குவதைவிட, அதே பணத்தில் நல்ல தரமான பழைய இயந்திரம் வாங்குவது பெரும்பாலும் புத்திசாலித்தனம். இந்த இயந்திரத்தில் மோட்டார் இல்லை, கெட்டுப்போக அதிகம் ஒன்றுமில்லை.

ஆனால் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பக் கூடாது. நேரில் போய் முப்பது தடவை இழுத்துப் பாருங்கள். கைப்பிடியை விட்டதும் பட்டை தொய்யாமல் உள்ளே சுருள வேண்டும். இருக்கை கடகடக்கக் கூடாது. மடக்கும் ஆணி ஆடக் கூடாது. தண்டவாளத்தை விரலால் தடவினால் பள்ளமோ துருவோ தட்டுப்படும். திரை எரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பலவற்றில் பேட்டரி மாற்றினால் போதும். குமிழைத் திருப்பியும் கனம் மாறவில்லை என்றால் காந்தத்தை இழுக்கும் கம்பி அறுந்திருக்கலாம். அதைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம், அல்லது விட்டுவிடலாம்.

புதிதாக வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது உத்தரவாதத்தின் உட்பிரிவு. சட்டத்துக்கு ஐந்து ஆண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். இழுபட்டை, உருளை, திரை போன்றவற்றுக்கு எத்தனை மாதம் என்பது சின்ன எழுத்தில். இரும்புச் சட்டம் உடைவதில்லை, உடைவதெல்லாம் இந்தச் சின்னச் சாமான்கள்தான். உதிரிப்பாகம் மலேசியாவிலேயே கிடைக்குமா என்று கேளுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது கைப்பேசியில் காணொளி எடுத்து வையுங்கள். 11.11, 12.12 மலிவு விற்பனை நாட்களில் விலை இறங்குவதுபோல் தோன்றும். ஒரு மாதம் முன்பே விலையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டால் இறங்கியதா என்பது தெரியும்.

வருமான வரி கட்டுபவர்களுக்கு ஒரு தகவல். 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் விளையாட்டு உபகரணம், உடற்பயிற்சிக் கூடச் சந்தா போன்றவற்றுக்கு ஆண்டுக்கு 1,000 வெள்ளி வரையில் வரி விலக்கு உண்டு. வாங்கும் சாமான் அதில் அடங்குமா என்பதை உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் உறுதி செய்துகொண்டு, ரசீதை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

கடை ஏமாற்றிவிட்டால் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை மூன்று ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. வியாபாரியிடம் வாங்கியதற்கு மட்டுமே இது பொருந்தும். முகநூலில் தனிநபரிடம் வாங்கிய பழைய சாமானுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதனால்தான் நேரில் இழுத்துப் பார்க்கச் சொல்வது.

முதலில் மருத்துவர்

இருதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், முதுகுத்தண்டுத் தட்டு விலகல் உள்ளவர்கள் வாங்குவதற்கு முன்பே அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் கேட்க வேண்டும். இனிப்பு நீரால் கண்ணின் பின்திரை பாதிக்கப்பட்டவர்களுக்கும் இது பொருந்தும். கடுமையாக மூச்சை அடக்கி இழுப்பது கண் நரம்புகளுக்கு ஆபத்து.

இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் பயிற்சிக்கு முன் அளந்து பார்ப்பது அவசியம். அளவு 5-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் சீனி மிட்டாயோ பழச்சாறோ இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, கண் இருட்டினால் உடனே நிறுத்திவிட்டு அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலில் வலிக்கக் கூடாது. பாதத்தை இறுக்கும் பட்டை தோலை உரசிக் கிழித்தாலும் அவர்களுக்குத் தெரியாது. காலுறையும் காலணியும் போட்டு, முடிந்ததும் பாதத்தைப் பார்த்துவிட வேண்டும்.

எப்படி வலிப்பது?

காண்டாவில் நிறைந்த வாளிகளைத் தூக்கிய பழைய ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். முதுகை வளைத்துத் தூக்கியவர் சீக்கிரம் படுத்துவிட்டார், முட்டியை மடக்கி முதுகை நேராக வைத்து எழுந்தவர் கடைசிவரை சுமந்தார். துடுப்பு வலிப்பதும் அதே முறைதான்.

முட்டியை மடக்கி முன்னே வரும்போது கைகள் நேராக நீண்டிருக்கும். அங்கிருந்து முதலில் கால்தான் தள்ள வேண்டும். கால் ஏறக்குறைய நீண்ட பிறகு இடுப்பிலிருந்து சற்றே பின்னால் சாய வேண்டும். கடைசியாகத்தான் கை மடங்கி, கைப்பிடி விலா எலும்பின் கீழ்ப்பகுதியைத் தொடும். திரும்பும்போது எல்லாம் தலைகீழ்: முதலில் கை நீளும், பிறகு உடல் முன்னே சாயும், அதன் பிறகே முட்டி மடங்கும். புதியவர்கள் முட்டியை முதலில் மடக்கிவிடுவதால் கைப்பிடி முட்டியில் இடிக்கும். அப்படி இடித்தால் வரிசை தப்பிவிட்டது என்று பொருள்.

இழுக்க எடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் திரும்ப எடுக்கட்டும். இழுக்கும்போது மூச்சை விட வேண்டும், அடக்கக் கூடாது. நிமிடத்துக்கு 18 முதல் 24 இழுப்பு போதும். திரையில் எண் ஏறுவதைப் பார்த்து அவசர அவசரமாக இழுப்பவருக்கு மூச்சுதான் வாங்கும், வேலை நடக்காது. பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுவே சரியான வேகம்.

முட்டி வலி உள்ளவர்கள் முழுதாக முன்னே வர வேண்டியதில்லை. பாதித் தூரம் வந்தாலே போதும். தடைக் குமிழை முதல் மாதம் பாதிக்கு மேல் ஏற்ற வேண்டாம்.

முதல் வாரம் ஐந்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். இரண்டாவது வாரம் எட்டு, பத்து நிமிடம். இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் ஒன்றரை, இரண்டு மாதத்தில் 20 நிமிடம் கைகூடும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு. அதை ஒரே இயந்திரத்தில் முடிக்க வேண்டும் என்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு நடந்து போவதும் கணக்கில் சேரும்.

திரை காட்டும் கலோரிக் கணக்கை நம்பிச் சாப்பிட உட்காரக் கூடாது. 70 கிலோ எடையுள்ளவர் மிதமான வேகத்தில் அரை மணி நேரம் வலித்தால் செலவாவது ஏறக்குறைய 250 கலோரி. ஒரு ரொட்டி சானாயில் இருப்பது ஏறக்குறைய 300, பருப்புக் குழம்பும் தே தாரிக்கும் தனி. எடை இறங்கவில்லை என்று இயந்திரத்தைக் குறை சொல்பவர்கள் முதலில் பசியாறும் தட்டைப் பார்க்க வேண்டியிருக்கும். எடை குறையாவிட்டாலும் தசை உழைக்கும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், இனிப்பு நீர் உள்ளவருக்கு இந்த அரை மணி நேரம் வீண் அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி பரிசோதனையில் அது தெரியலாம்.

வலித்து முடித்ததும் தண்டவாளத்தைக் காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். வியர்வையில் உள்ள உப்பும் நம் ஊர் ஈரக் காற்றும் சேர்ந்தால் இரும்பு தாங்காது. கிள்ளான் துறைமுகம் பக்கம் கடற்காற்று படும் வீடுகளில் கீல்களையும் ஆணிகளையும் மாதம் ஒருமுறை பார்த்து, தளர்ந்த திருகுகளை முடுக்கிவிட வேண்டும். பெட்டியோடு வரும் சின்னச் சாவியைத் தூக்கிப் போட்டுவிடாமல், இயந்திரத்தின் காலிலேயே ஒரு ரப்பர் வளையத்தால் கட்டி வைத்தால் தேட வேண்டியிருக்காது.